அத்தியாயம் 7: டிஸ்க் பிரேக் பராமரிப்பு

பிரேக் வேலைக்கென்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். பழைய பேடைக் கழற்றிவிட்டுப் புதுப் பேடை மாட்டித் தருவார்கள். பேட் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள்; தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் டிஸ்க் பிரேக்கில் பல கோளாறுகள் தொடங்கும் இடம் பேட் அல்ல. காலிப்பர் நகரும் பின்களில் கிரீஸ் காய்ந்துபோகும். பிரேக் ஆயிலில் ஈரம் ஏறும். இரண்டும் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, தொடக்கத்தில் சத்தமும் போடாது. சரிசெய்ய ஆகும் செலவும் குறைவு என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த அத்தியாயத்தில் பேடோடு சேர்த்து இந்த இரண்டையும் பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது

நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். விலை கூடிய மாடல்களில் நான்கிலும் டிஸ்க் வருகிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் அழுத்தத்தோடு காலிப்பருக்கு வரும். அங்குள்ள பிஸ்டன் வெளியே நகர்ந்து, உட்புறப் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி, வெளிப்புறப் பேடையும் இழுத்து டிஸ்க்கோடு சேர்க்கும். ஒரே பிஸ்டன் இரண்டு பேடையும் இயக்குவது இப்படித்தான்.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கத் தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், அழுத்தத்தில் சற்றே வளைந்திருக்கும். அது பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவுக்குப் பின்னே கொண்டுவரும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். அதனால் பின்னிலோ பிஸ்டனிலோ கொஞ்சம் இறுக்கம் வந்தாலும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். பேட் சீக்கிரம் தேயும், டிஸ்க் சூடேறும், மைலேஜும் குறையும்.

எதை எப்போது பார்ப்பது

- மாதம் ஒருமுறை: ஆயில் டப்பாவில் அளவு, டேஷ்போர்டில் பிரேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும்.
- 10,000 கி.மீ.க்கு ஒருமுறை: பேட் தடிமன், டிஸ்க்கின் பரப்பு, ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு அல்லது கசிவு.
- 20,000 கி.மீ. அல்லது ஆண்டுக்கு ஒருமுறை: பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ்.
- 2 ஆண்டுக்கு ஒருமுறை: பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுதல், கி.மீ. எவ்வளவு ஓடியிருந்தாலும்.

உங்கள் காரோடு வந்த கையேடு வேறு கணக்கு சொன்னால், கையேடு சொல்வதே முடிவு.

பிரேக் ஆயில்

இது கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. டப்பா மூடியிருந்தாலும் ரப்பர் ஹோஸ்கள் வழியே ஈரம் சிறிது சிறிதாக ஏறும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 3 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 140. டாட் 4 என்றால் 230-லிருந்து 155. டாட் 5.1 என்றால் 260-லிருந்து 180. டவுனுக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மலையிறக்கத்தில் தெரியும்: ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் உண்டானால், நீங்கள் மிதிக்கும் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது.

ஆயில் டப்பாவில் அளவு மெதுவாகக் குறைவது இயல்பு. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருகிறது. அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. ஆகவே அளவு சற்று இறங்கியிருப்பதைப் பார்த்ததும் ஊற்றி நிரப்பாதீர்கள். முதலில் பேடைப் பாருங்கள். நிரப்பிவிட்டுப் பிறகு புதுப் பேட் போட்டால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சில நாட்களிலேயே அளவு சட்டென்று இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே சரி.

எந்தத் தரம் என்பது டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, பெயர் 5.1 போல இருந்தாலும் இரண்டும் வேறு. அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. இன்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் எதுவும் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. போனால் சீல்களெல்லாம் ஊதிப்போகும். செலவு ஆயிரங்களில் வரும். சீல் உடைக்காத டின்னையே வாங்குங்கள். திறந்து மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கென்று எடுத்து வைக்க வேண்டாம்.

ஆயில் மாற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விடலாம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், அதை எடுக்கச் சில கார்களில் ஸ்கேனர் கருவி வேண்டும். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் காலிப்பரின் நிப்பிளைத் திறந்து குழாய் வழியே பாட்டிலில் பிடிப்பார். முதலில் பழுப்பாக வருவது மெல்ல வெளுத்துத் தெளிவாக வர வேண்டும். குமிழ் வருவது நிற்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் இப்படிச் செய்தால்தான் ஆயில் மாற்றியதாகக் கணக்கு. டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றினால் காலிப்பரில் பழைய ஆயில்தான் இருக்கும். சூடேறுவதும் அந்த இடம்தான்.

பேடைப் படிப்பது எப்படி

புதுப் பேடில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றும் நேரம். 2 மி.மீ.க்குக் கீழே ஓட்டக் கூடாது. பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அலாய் வீல் என்றால் ஆரங்களுக்கு இடையே டார்ச் அடித்து வெளிப்புறப் பேடைப் பார்த்துவிடலாம். அதோடு நிறுத்தினால் பாதி சோதனைதான். உட்புறப் பேடையும் பார்த்தாக வேண்டும். அதற்குச் சக்கரத்தைக் கழற்றுவதே நல்லது.

கழற்றிய நான்கு முன் பேடுகளையும் வரிசையாகத் தரையில் வைத்துப் பாருங்கள். என்ன கோளாறு என்பதை அவையே சொல்லும்.

- நான்கும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் எல்லாம் நலம். புதுப் பேட் போட்டால் போதும்.
- உட்புறப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், காலிப்பர் பின் இறுகியிருக்கலாம் அல்லது பிஸ்டன் திரும்பாமல் இருக்கலாம்.
- ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று நகரவில்லை, அல்லது பேட் தன் இருக்கையில் துரு பிடித்துச் சிக்கியிருக்கிறது.
- ஒரு சக்கரத்தின் இரண்டு பேடும் எதிர்ச் சக்கரத்தைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தால், அந்தப் பக்கத்துப் பிஸ்டனையோ ஹோஸையோ சந்தேகியுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்து வைக்கும்.

கடைசி மூன்றில் எதைக் கண்டாலும், காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போடுவது காசைத் தேய்ப்பதுதான்.

பேட் வாங்கும்போது காரின் மாடலையும் ஆண்டையும் சொல்லி, கம்பெனி பேட் அல்லது பெயர் பெற்ற பிரேக் நிறுவனத்தின் பேட் என்று கேளுங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், பில்லோடு வாங்குங்கள். புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவு, பம்பர் என்று பழைய சாமான் வாங்கலாம். பேட், டிஸ்க், ஹோஸ் மூன்றையும் பழையதாக வாங்கவே கூடாது. பேடை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டிஸ்க்

பேட் உராயும் இடம் பளபளவென்றும், தேயாத வெளி ஓரம் துரு நிறத்திலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே விரல் நகத்தை ஓட்டினால் ஒரு விளிம்பு தட்டுப்படும். டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதன் தோராயக் கணக்கு அந்த விளிம்பு. சரியான கணக்குக்கு மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். சிறிய கார்களின் முன் டிஸ்க்குகளில் புதுசுக்கும் அந்த எல்லைக்கும் இடையே சுமார் 2 மி.மீ.தான் இருக்கும். எல்லையைத் தாண்டிய டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். லேத் பட்டறையில் கடைந்து கொடுப்பார்கள் என்றாலும், கடைந்த பிறகு எல்லைக்குக் கீழே போகுமானால் அந்தக் கடைசல் வீண், ஆபத்தும்கூட. மெலிந்த டிஸ்க்குக்குச் சூட்டைத் தாங்கும் சக்தி குறைவு.

இரவு மழைக்குப் பிறகு காலையில் டிஸ்க் முழுக்கச் செம்பழுப்பாக இருந்தால் பயப்படாதீர்கள். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் வரும் துரு வேறு. அது பரப்பையே அரித்துக் குழி போடும். அதற்கு டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறியிருக்கும். மாற்றம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இருந்தாலே கைக்குத் தெரியும். டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருப்பதும், வீல் நட்டுகளை ஏர் கன்னால் தாறுமாறாக முறுக்குவதும் இதற்குக் காரணமாகலாம். டயர் கடையில் கடைசி முறுக்கை டார்க் ரெஞ்சில் போடச் சொல்லுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். நெடுந்தூரம் ஓட்டி வந்தால் வாட்டர் வாஷுக்கு அரை மணி நேரம் பொறுங்கள்.

பேட் மாற்றும் முறை

ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உள்ளவர்கள் முன் பேடை வீட்டிலேயே மாற்றலாம். ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், ஜி-கிளாம்ப், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் இவை வேண்டும்.

1. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்துங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.
2. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் அப்படியே இருக்கும்.
3. காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்குங்கள். இரண்டையும் கழற்ற வேண்டியிருந்தால் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உட்புறம் கிழியும்.
4. பழைய பேடையும் கிளிப்புகளையும் எடுத்து, பேட் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம். மூச்சில் போகக் கூடாது. கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள்.
5. பின்களை உருவுங்கள். நன்றாக இருக்கும் பின் விரலால் இழுத்தாலே வரும். ஈரமான மெல்லிய கிரீஸ் படிந்திருக்கும். கெட்டுப்போனதை முறுக்கி முறுக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கிரீஸ் கறுத்துப் பிசினாகிக் கிடக்கும், அல்லது துரு புள்ளி போட்டிருக்கும். பழையதை முழுக்கத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் மெலிதாகத் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துப் பின்னை மேலும் இறுக்கிவிடும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். அது இல்லாமல் கிரீஸ் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.
6. பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து ஜி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஆயில் டப்பாவின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.
7. புதுப் பேடை மாட்டுங்கள். உராயும் பரப்பில் விரல் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள்.
8. வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை மெதுவாகப் பல தடவை மிதியுங்கள். முதல் மிதிகளில் பெடல் அடி வரை போகும். பிஸ்டன் பேடைத் தொட்டதும் கெட்டியாகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தவருக்கு முதல் தடவை பிரேக்கே இருக்காது. பெடல் கெட்டியானதும் ஆயில் அளவை மீண்டும் பாருங்கள்.

பின்பக்கமும் டிஸ்க் இருந்து, பட்டனில் இயங்கும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் அந்தப் பிஸ்டனைக் கிளாம்ப்பால் அழுத்தாதீர்கள், மோட்டார் உடையும். முதலில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னும் சில பின் காலிப்பர்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். இவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

புதுப் பேடைப் பழக்கவும் வேண்டும். காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, சற்று ஓடவிட்டு, இப்படி எட்டு பத்து தடவை. முழுக்க நிறுத்தி மிதித்தபடி நிற்க வேண்டாம். அதன் பிறகு முதல் 200 கி.மீ. வரை திடீர் பிரேக்கைத் தவிர்த்தால் நல்லது.

குறிகளும் காரணங்களும்

- மெல்லிய கீச்சொலி விடாமல் கேட்டால்: பேடில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. அந்த வாரமே மாற்றுங்கள்.
- கரகரவென்று இரும்பு உரசினால்: பேட் முடிந்துவிட்டது, இனி ஓட்டினால் டிஸ்க்கும் போகும்.
- பெடல் மெத்தென்று இருந்தால்: லைனில் காற்று.
- மிதித்தபடி இருக்கும்போது பெடல் மெல்ல இறங்கினால்: மாஸ்டர் சிலிண்டர் சீல் அல்லது கசிவு.
- பெடல் கல்லாக இறுகினால்: பூஸ்டர். இன்ஜினை அணைத்து நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையும் அதன் வேக்குவம் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.
- ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால்: அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அருகே கையைக் கொண்டுபோனாலே தெரியும், தொடாதீர்கள்.
- திடீர் பிரேக்கில் பெடல் தடதடவென்று அதிர்ந்தால்: கோளாறு அல்ல, ஏபிஎஸ் வேலை செய்கிறது. விட்டு விட்டு மிதிக்காமல் அழுத்திப் பிடித்திருங்கள். ஏபிஎஸ் விளக்கு அணையாமலே இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் நீண்ட நாள் வரும். பிரேக்குக்கு வேலை குறைவதால் டிஸ்க்கில் துருவும் பின்னில் இறுக்கமும் வர இடம் அதிகம். பேட் தடிமனாக இருக்கிறதே என்று பின் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

மலையிறக்கம்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர் குறைகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் இறங்குகையில் அத்தனை ஆற்றலையும் பிரேக்கே விழுங்க வேண்டியிருந்தால், அந்த வெப்பத்தில் 50 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இதில் பெரும்பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும், நீங்கள் விட்டால். எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில் இறங்கு என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய பாடம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கும் வால்பாறையின் 40 வளைவுக்கும் இன்றும் அதுதான் பொருந்தும். ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் நிலையிலோ மேனுவல் மோடிலோ போடுங்கள். நியூட்ரலில் உருட்டுவதும் இன்ஜினை அணைப்பதும் கூடவே கூடாது. இன்ஜினை அணைத்தால் பூஸ்டரின் உதவி இரண்டொரு மிதியிலேயே தீர்ந்துவிடும். பிரேக்கை விடாமல் லேசாகத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் பேட் சூடேறி வழுக்குகிறது. பெடல் மெத்தென்று இறங்கினால் ஆயில் கொதிக்கிறது, இது மோசமானது. வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக ஏற்றி, மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியது

இதில் எதையும் நீங்களே செய்யப் போவதில்லை என்றாலும் பரவாயில்லை. அடுத்த சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: காலிப்பர் பின் கழற்றி கிரீஸ் போட வேண்டும், டிஸ்க் தடிமன் அளந்து குறிக்க வேண்டும், 2 ஆண்டு ஆகியிருந்தால் நான்கு சக்கரத்திலும் ஆயில் மாற்ற வேண்டும். பேட் மாற்றினால் பழைய நான்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவற்றின் தேய்மானம் ஒரே அளவாக இல்லாவிட்டால், காரணம் கேட்காமல் வண்டியை எடுத்து வராதீர்கள்.